செல்லுக்குள் ஒரு தேரோட்டம்!

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் வீதிகளில் நிற்க இடம் கிடைக்காது. ராஜபாளையம், சிவகாசி, சாத்தூர், சங்கரன்கோவில் என்று நாலா பக்கமிருந்தும் வந்திறங்கும் கூட்டம் வடத்தில் ஒரு கை வைத்துவிடத் துடிக்கும். ஆண்டாளும் ரங்கமன்னாரும் அமர்ந்து வரும் அந்தத் தேர், தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. இன்று இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்துவிட்டன. முன்பெல்லாம் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து சேர நாள் கணக்கில் ஆகும் என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள்.

எல்லோர் கண்ணும் மேலே தேர்ச்சீலையின் மீது இருக்கும். கீழே சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்தபடி நகர்ந்துகொண்டிருக்கும் சிலரைப் பலரும் கவனிப்பதில்லை. அவர்கள் கையில் முட்டுக்கட்டை. தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அதற்கேற்ப, சரியான நொடியில் சக்கரத்தடியில் கட்டையைச் செருக வேண்டும், சரியான நொடியில் உருவ வேண்டும். ‘எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று ஆட்களைத் திட்டுகிறோமே... நிஜத்தில் அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறி நிற்கும்!

இழுக்கும் ஆட்கள், வடம், வடத்தைத் தேரோடு பிணைக்கும் வளையம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் முட்டுக்கட்டை, கடைசியில் போய்ச் சேரவேண்டிய நிலை. இவை அத்தனையும் வடம் பிடிக்கிற ஒவ்வொருவரின் உடம்புக்குள்ளும், எண்ணற்ற செல்களுக்குள்ளும் இருக்கின்றன. அங்கே தேர் என்பது உட்கரு. ஆங்கில மீடியம் பிள்ளைகள் நியூக்ளியஸ் என்று படிப்பார்கள். நம் டி.என்.ஏ.யில் மிகப் பெரும்பகுதி பத்திரமாக இருக்கும் உருண்டை அது.

பள்ளிக்கூடப் பாடத்தில் செல்லின் படம் வரையும்போது பெரிய வட்டம் போட்டு, நடுவில் சின்ன வட்டம் போட்டு ‘உட்கரு’ என்று குறித்துவிடுவோம். நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றுதான் மனதில் பதிந்திருக்கும். ஆனால், தசைச் செல்லில் உட்கரு ஓரத்தில் இருக்கும். காதுக்குள் இருக்கும் சில செல்களில் அடியில் இருக்கும். வளரும் மூளையிலோ மேலும் கீழும் பயணம் செய்துகொண்டே இருக்கும். எந்தச் செல்லில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே அதை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ‘ஆட்கள்’தான் மோட்டார் புரதங்கள்.

இரண்டு காலில் நடக்கும் புரதம்

செல்லுக்குள் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் கூழ். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், அடுப்பில் பாதி சுண்டிய பால்கோவா பதம். அந்தப் பதத்துக்குள் ஒரு பெரிய உருண்டையை நகர்த்துவது லேசான காரியமல்ல.

நகர்த்துவதற்குப் பாதை வேண்டும். செல்லெங்கும் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. நுண்குழல்கள் என்று பெயர். தடிமன் 25 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு. பெரும்பாலான செல்களில் உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு மையம் இருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரோடுகள் பிரிவதுபோல, அங்கிருந்து நுண்குழல்கள் செல்லின் ஓரம் வரை பிரிந்து செல்லும்.

இந்தப் பாதையில் இரண்டு வகை மோட்டார்கள் நடக்கின்றன. கினெசின் என்பது பொதுவாக மையத்திலிருந்து ஓரத்தை நோக்கிப் போகும். டைனீன் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி வரும். இரண்டுக்கும் இரண்டிரண்டு ‘கால்கள்’. கினெசினின் ஓர் அடி 8 நானோமீட்டர். ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவழிக்கும். ஏ.டி.பி. என்பது செல்லின் சில்லறைக் காசு மாதிரி. சாப்பிட்ட சோறு, இட்லி எல்லாம் கடைசியில் இந்தச் சில்லறையாகத்தான் மாற்றப்படுகிறது. சும்மா படுத்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பே ஒரு நாளில் சுமார் 40 கிலோ ஏ.டி.பி.யைச் செலவழித்து, மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொள்கிறது.

பாரம் எவ்வளவு என்று பார்த்தால்தான் இவற்றின் வேலை புரியும். டைனீனின் அளவு சுமார் 50 நானோமீட்டர். உட்கருவோ அதைப்போல நூறு, இருநூறு மடங்கு பெரியது. ராஜபாளையத்துச் சஞ்சீவி மலைக்கு வடம் கட்டி, நாலு தெருக்காரர்கள் சேர்ந்து இழுப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதுதான்.

வடத்தை எங்கே கட்டுவது? உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு இருக்கிறது. உள்சவ்வில் ‘சன்’ என்ற புரதமும், வெளிச்சவ்வில் ‘நெஸ்ப்ரின்’ என்ற புரதமும் நடுவில் கைகோத்து நிற்கின்றன. நெஸ்ப்ரினின் மறுமுனையை கினெசினோ டைனீனோ பற்றிக்கொள்ளும். தேரின் அடிச்சட்டத்தில் பொருத்திய இரும்பு வளையம் போல என்று வைத்துக்கொள்ளலாம். வளையம் கழன்றால் ஆயிரம் பேர் இழுத்தும் பயனில்லை. இந்த வளையத்துக்குக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவோம்; ஒரு குழந்தையின் காது கேட்பதும் கேட்காததும் அதில் இருக்கிறது.

தேரோடு ஒப்பிடுவதில் ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிட வேண்டும். தேரோட்டத்தில் வடமும் தேரோடு நகரும். செல்லில் பல நேரங்களில் வடம் அப்படியே தண்டவாளம்போலக் கிடக்க, உட்கருவைப் பிடித்துக்கொண்ட மோட்டார்கள் அதன்மேல் நடந்துபோகும். வேறு சில நேரங்களில் டைனீன்கள் செல்லின் ஓரச் சுவரில் காலூன்றி நின்றுகொண்டு, நுண்குழலைத் தங்கள் பக்கம் இழுக்கும். எதிர்ச் சுவரிலிருந்தும் அதேபோல இழுப்பார்கள். இரண்டு பக்கமும் இழுவை சமமாகும் இடத்தில் உட்கரு நிற்கும். நடுவில் ‘சும்மா உட்கார்ந்திருப்பதாக’ நாம் நினைத்த செல்களில்கூட, நடப்பது பல நேரங்களில் இந்தக் கயிறு இழுக்கும் போட்டிதான்.

கணவாய் கொடுத்த துப்பு

டைனீனுக்குப் பெயர் வைத்தது 1965-ல். நுண்ணுயிரி ஒன்றின் உடல்மீது இருக்கும் குட்டி மயிரிழைகள் எப்படித் துடிக்கின்றன என்று ஹார்வர்டில் ஆராய்ந்த இயன் கிப்பன்ஸ் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். விசையின் அலகான ‘டைன்’ என்பதிலிருந்து வந்தது பெயர்.

கினெசின் கிடைத்த கதை இன்னும் சுவாரஸ்யம். 1983-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் ரான் வேல், மைக்கேல் ஷீட்ஸ் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, நரம்புக்குள் சரக்குகள் எப்படி நகர்கின்றன என்று பார்க்க நினைத்தார். கணவாய் மீனின் நரம்பு நல்ல தடிமனானது. நுண்ணோக்கியில் பார்க்க வசதி. ஆனால் அந்த வருஷம் எல் நினோ. கலிஃபோர்னியா கடற்கரையில் கணவாயே சிக்கவில்லை! வேறு வழியில்லாமல் அமெரிக்காவின் மறுகரையில் இருக்கும் உட்ஸ் ஹோல் ஆய்வகத்துக்கு மூட்டை கட்டினார்கள். அங்கே நடந்த ஆய்வுகளில்தான், அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு மோட்டார் நுண்குழல்மீது வேலை செய்வது புலப்பட்டது. 1985-ல் அதற்கு கினெசின் என்று பெயரிட்டார்கள். தசை மோட்டாரை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்புடிச்சோடு சேர்த்து வேல், ஷீட்ஸ் மூவருக்கும் 2012-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. நோபலுக்கு அடுத்தபடியாக மருத்துவ உலகம் மதிக்கும் விருது அது.

காந்தளும் நித்தியகல்யாணியும்

மோட்டார்கள் நடக்கும் பாதை எதனால் ஆனது என்று கண்டுபிடிக்க உதவியதோ ஒரு விஷம். கோல்ச்சிசின் என்று பெயர். கீல்வாதத்துக்கு மிகச் சிறிய அளவில் மருந்தாகத் தருவார்கள். 1967-ல் சிகாகோவில் கேரி போரிஸி, எட்வின் டெய்லர் இருவரும் கதிரியக்கம் சேர்த்த கோல்ச்சிசினைச் செல்களுக்குள் அனுப்பி, அது எந்தப் புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது என்று துரத்தினார்கள். பிடிபட்டது, நுண்குழலின் செங்கல். இன்று அதை டியூபுலின் என்கிறோம்.

இதே கோல்ச்சிசின், நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் தீக்கொழுந்து மாதிரி பூத்து நிற்குமே, அதுதான். கண்வலிக்கிழங்கு என்று சொல்லி மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். மருந்து கம்பெனிகளுக்குப் போகிறது. கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். காரணம் இதுதான்: கோல்ச்சிசின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டால் நுண்குழல் கட்ட முடியாது. ரோடு போடவிடாமல் செங்கல்லை மறித்துவிட்டால் ஊர் என்ன ஆகும்?

இன்னொரு செடி, நித்தியகல்யாணி. சுடுகாட்டுமல்லி என்று சொல்லி வீட்டு வாசலில் வைக்கக்கூடச் சிலர் யோசிப்பார்கள். தென்மாவட்டத்து மானாவாரி நிலங்களில் இதுவும் பயிர். இதன் இலையிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு 1960-களிலிருந்து கைகொடுத்துவரும் மருந்து. சில கிராம் மருந்துக்கு டன் கணக்கில் இலை வேண்டும்.

வின்கிறிஸ்டின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ராஜபாளையத்துக்குப் போகலாம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து, ஊரில் ஒரு நூற்பாலை எவ்வளவு பெரியது என்று கேட்டால் இத்தனை ஆயிரம் ஸ்பிண்டில் என்றுதான் பதில் வரும். பஞ்சை முறுக்கி நூலாகச் சுற்றும் கதிர் அது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, அதற்குள் நுண்குழல்கள் இரு முனையும் கூம்பி நடுவில் பருத்த கதிர் வடிவத்தில் திரளும். 19-ம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் அதற்கு ஸ்பிண்டில் என்றே பெயர் வைத்தார்கள். நம் பாடப்புத்தகத்தில் கதிர்கோல் இழைகள். மோட்டார் புரதங்களின் உதவியோடு குரோமோசோம்கள் இந்தக் கதிரில்தான் இரண்டாகப் பிரிந்து, இரண்டு புதிய உட்கருக்களுக்குப் போகின்றன. வின்கிறிஸ்டின் இந்தக் கதிரைக் கலைத்துவிடும். ஓயாமல் பெருகத் துடிக்கும் புற்றுச் செல், பாதி வழியில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும்.

அதற்கு ஒரு விலை உண்டு. முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை போகும் நரம்புச் செல்லின் இழை, பெரியவர்களுக்கு ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு தூரத்துக்கும் சரக்கு கொண்டுபோவது கினெசின். திருப்பிக் கொண்டுவருவது டைனீன். வின்கிறிஸ்டின் அந்தப் பாதையையும் கெடுக்கும். அதனால்தான் இந்த ஊசி போடும் சில குழந்தைகளுக்குப் பாதம் மரத்துப்போகிறது, நடக்கும்போது கால் முன்பகுதி தொங்குகிறது. நீண்ட நரம்புகள் முதலில் அடிவாங்கும் என்பதால் தொந்தரவு விரல் நுனியில் ஆரம்பிக்கும். ‘பிள்ளை நடையே மாறிப்போச்சே’ என்று பதறும் பெற்றோர் அதை டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்றவும், பிசியோதெரபி கொடுக்கவும் வழியுண்டு. மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

ஊர் கூடி இழுக்கும் டைனீன்

மோட்டார் புரதங்களின் பலத்தை அளந்ததில் இந்தியர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. ரூப் மல்லிக். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இயற்பியல் படித்து, பிறகு உயிரியல் பக்கம் வந்தவர். லேசர் ஒளியை ஊசிமுனையாகக் குவித்து, ஒரு குட்டி மணியை அதில் சிக்கவைத்து, மோட்டார் அந்த மணியை இழுக்கும்போது எவ்வளவு பலம் காட்டுகிறது என்று அளப்பார்கள். ஒளியால் ஆன கிடுக்கி என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் ஆய்வு செய்தபோது, 2004-ல் அவரும் குழுவினரும் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். டைனீனுக்கு கியர் இருக்கிறது! பாரம் இல்லாவிட்டால் 24, 32 நானோமீட்டர் என்று எட்டி எட்டி நடக்கும். பாரம் ஏற ஏற அடியைக் குறுக்கி 8 நானோமீட்டருக்கு வந்துவிடும். மலைப்பாதையில் பஸ் டிரைவர் கியரைக் குறைப்பதுபோல.

மும்பை திரும்பி அவர் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அழகானது. தனி ஆளாக எடுத்தால் டைனீன் நோஞ்சான். கினெசினின் பலத்தில் அது ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கஷ்டம். ஆனால் கூட்டமாகச் சேர்ந்தால் கதை மாறுகிறது. முன்னால் போகும் டைனீன்மேல் பாரம் அதிகம் விழுவதால் அது அடியைக் குறுக்குகிறது. பின்னால் வருபவை அதற்குள் எட்டிப்பிடித்து விடுகின்றன. எல்லாம் ஒரே இடத்தில் தோளோடு தோள் நெருங்கி, பாரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. தவிர, இழுவை கடுமையாகும்போது டைனீனின் பிடி மேலும் இறுகுகிறது. பலசாலியான கினெசின்களுக்கு இப்படிக் கூடி இழுக்கத் தெரிவதில்லை. வடத்தின் முன்வரிசையில் இருப்பவர் ஓடிப்போனால் கயிறு தொய்யும், தேர் நகராது. முன்வரிசை நிதானித்து, பின்வரிசை நெருங்கினால்தான் ஒரே மூச்சில் இழுக்க முடியும் என்பது வடம் பிடித்த எவருக்கும் தெரியும். ‘ஊர் கூடித் தேர் இழு’ என்ற சொலவடையை இந்தப் புரதங்கள் எங்கே கற்றனவோ! ரூப் மல்லிக்குக்கு 2018-ல் இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

உட்கரு மாதிரியான பெரிய பாரத்தை இழுக்கப் பல இடங்களில் செல் டைனீனை நம்பியிருப்பதற்கு இந்தக் கூட்டு பலம் ஒரு காரணம்.

முதல் நாள் பயணம்

நம் எல்லோருக்கும் வாழ்க்கை தொடங்கியதே ஓர் உட்கருப் பயணத்தில்தான். கருமுட்டைக்குள் விந்தணு நுழைந்ததும், அப்பா வழி உட்கரு ஓரிடத்திலும் அம்மா வழி உட்கரு வேறோர் இடத்திலும் இருக்கும். விந்தணு கூடவே கொண்டுவரும் ஒரு மையத்திலிருந்து நுண்குழல்கள் சூரியக்கதிர்போல விரியும். அந்தப் பாதையில் டைனீன் அம்மா வழி உட்கருவை இழுத்துவந்து அப்பா வழி உட்கருவின் பக்கத்தில் சேர்க்கும். ஐ.வி.எஃப். லேபில், கருவூட்டிய பதினாறு, பதினெட்டு மணி நேரத்தில் நுண்ணோக்கியில் கண்வைத்துத் தேடுவது இதைத்தான்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன வட்டங்கள் தெரிகின்றனவா?

அடுத்த பெரிய பயணம் மூளையில். தாயின் வயிற்றில் மூளை வளரும்போது, நரம்புச் செல்கள் உள்ளே ஆழத்தில் பிறக்கின்றன. அங்கிருந்து வெளிப்பரப்பு வரை அவை நகர்ந்துபோக வேண்டும். செல் முதலில் ஒரு கையை முன்னால் நீட்டும். பிறகு டைனீன் உட்கருவை இழுத்து முன்னால் கொண்டுவரும். மறுபடி கை, மறுபடி உட்கரு. லட்சக்கணக்கான செல்கள் இப்படி ஊர்ந்து போய் அடுக்கடுக்காக அமைந்த பிறகே மூளையில் மடிப்புகள் விழும்.

இந்தப் பயணம் தடைப்பட்டால் மூளை மடிப்பில்லாமல் வழவழவென்று ஆகிவிடுகிறது. லிஸென்செஃபலி என்பது அதன் பெயர். மிக அரிதான குறைபாடு. அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு வலிப்பு வரும். கழுத்து நிற்பது, உட்காருவது எல்லாம் தாமதமாகும், சிலருக்கு வராமலே போகும். 1993-ல் இதற்குக் காரணமான மரபணு ஒன்றைக் கண்டுபிடித்து லிஸ்-1 என்று பெயரிட்டார்கள். அந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் புரியவில்லை.

பதில் வந்தது, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து. ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து! ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை நீளநீளக் குழாயாக வளரும். குழாய் நெடுக உட்கருக்கள் இடைவெளி விட்டு வரிசையாகப் பயணித்து நிற்கும். அமெரிக்க விஞ்ஞானி ரான் மாரிஸ் 1970-களில், உட்கருக்கள் நகர முடியாமல் ஒரே இடத்தில் குவிந்துகிடக்கும் பூஞ்சைகளைத் தேடித்தேடிப் பிடித்து வைத்திருந்தார். அதில் கெட்டுப்போன மரபணுக்களில் ஒன்று, மனிதக் குழந்தையின் லிஸ்-1-க்குச் சொந்தக்காரன் என்று 1995-ல் தெரியவந்தது. இன்னொன்று டைனீனுக்கே உரியது. முடிச்சு அவிழ்ந்தது. லிஸ்-1 புரதம், டைனீன் ஒழுங்காகக் கூடி வேலையைத் தொடங்கவும், பாரம் ஏறும்போது பிடியை விடாமல் இருக்கவும் துணை செய்கிறது. அது பாதியாகக் குறைந்தால் உட்கரு நகராது. உட்கரு நகராவிட்டால் செல் ஊர் போய்ச் சேராது.

இப்படி ஒரு குழந்தை பிறந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று நமக்குத் தெரியும். கிரகணத்தில் வெளியே போனாள், பப்பாளி சாப்பிட்டாள், சொன்ன பேச்சு கேட்கவில்லை. எல்லாப் பழியும் பெற்றவள் தலையில். லிஸ்-1 மாற்றம் பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமும் இருப்பதில்லை. அந்தக் கரு உருவாகும் சமயத்தில் புதிதாக நேர்ந்த எழுத்துப் பிழை. கிரகணமும் பப்பாளியும் டைனீனை நிறுத்துவதில்லை. அடுத்த குழந்தையைப் பற்றிப் பயப்படும் தம்பதிகள் மரபணு ஆலோசனைக்குப் போனால், தங்கள் குடும்பத்தில் மறுபடி வர வாய்ப்பு எவ்வளவு என்று ரத்தப் பரிசோதனை மூலம் தெரிந்துகொள்ளலாம்.

தசையின் கதை வேறு. ஒரு தசை இழை என்பது பல செல்கள் ஒன்றாகக் கலந்து உருவான நீண்ட குழாய்; அதற்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள். கினெசின் அவற்றை இடைவெளி விட்டுப் பரப்பிவைக்கும். பிறகு அவை ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நடுவில் சுருங்கி விரியும் பகுதிக்கு வழிவிடும். தசைநோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுச் சிறு துண்டு தசையை எடுத்துப் பரிசோதிக்கும்போது, உட்கரு ஓரத்தில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பார்கள். நூறு இழைகளில் மூன்றுக்கு மேல் உட்கரு நடுவில் இருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

காதுக்குள் இடம் மாறிய உட்கரு

இப்போது அந்த வளையத்துக்கு வரலாம்.

நம் ஒவ்வொரு காதின் உள்ளேயும் சுமார் 12,000 வெளி மயிர்ச் செல்கள் இருக்கின்றன. உருளை மாதிரி நின்றுகொண்டு, வரும் ஒலிக்கு ஏற்ப நீண்டு சுருங்கி ஒலியைப் பெருக்கித் தருபவை. கூட்டத்தில் ஒருவர் மெல்லக் கூப்பிட்டாலும் நாம் திரும்புகிறோமே, அதற்கு இவைதான் காரணம். இவற்றில் உட்கரு அடியில் இருக்க வேண்டும். அதை அங்கே நிறுத்திவைப்பது சன்-1, நெஸ்ப்ரின்-4 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்த வளையமும், அதைப் பிடித்திருக்கும் கினெசினும்.

இராக்கிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறிய யூத வம்சாவளிக் குடும்பங்கள் சிலவற்றில், பிள்ளைகளுக்குக் காது கேட்காத பிரச்னை பரம்பரையாக வந்தது. 2013-ல் வெளியான ஆய்வில் காரணம் தெரிந்தது: நெஸ்ப்ரின்-4 மரபணுவில் பிழை. அதே பிழையை எலிகளில் உண்டாக்கிப் பார்த்தார்கள். மயிர்ச் செல்கள் பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தன. ஆனால், செவித்திறன் முதிர்ச்சி அடையும் பருவத்தில், அடியில் இருக்க வேண்டிய உட்கரு மேலே போய் நின்றது. பிறகு அந்தச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. செல்லில் மற்றவை அநேகமாகச் சரியாக இருந்தும், உட்கரு இடம் மாறி நின்ற செல்கள் பிழைக்கவில்லை.

இது ஏதோ வெளிநாட்டுக் குடும்பக் கதை என்று கடந்துவிட முடியாது. இந்த வகைப் பிழை, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் குழந்தைக்குப் பாதிப்பு. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் ஆகாது. இருவரும் தெரியாமலே சுமந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் முடிப்பது அதிகமுள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பரம்பரைக் காது கேளாமைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகலாம். நெஸ்ப்ரின்-4 அவற்றில் ஒன்று.

எந்த மரபணுவாக இருந்தாலும் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிறந்த குழந்தைக்குக் காது பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தட்டைத் தட்டிப் பார்த்து ‘திரும்புகிறான், கேட்கிறது’ என்று முடிவு கட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. அதிர்வுக்கும் நிழலுக்கும்கூடக் குழந்தை திரும்பும். ஆஸ்பத்திரியில் தூங்கும் குழந்தைக்கே சில நிமிடங்களில் வலியில்லாமல் பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள். பேச்சு வருவதற்கான மூளைப் பாதைகள் முதல் சில வருடங்களில் அமைவதால், சீக்கிரம் கண்டுபிடித்தால் காது கேட்கும் கருவியோ காக்ளியர் இம்ப்ளான்ட்டோ பலன் தரும். தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைசிகிச்சையும் இருக்கிறது.

நெஸ்ப்ரின்-4 கதையில் இன்னோர் அத்தியாயம் 2021-ல் வெளியானது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் கேரன் ஆவ்ரஹாமின் குழு, நல்ல நிலையில் உள்ள மரபணுவை ஆபத்தில்லாத ஒரு வைரஸின் உள்ளே வைத்து, பிறந்த சில நாள்களுக்குள் அந்தக் காது கேளாத எலிக்குட்டிகளின் உள்காதில் செலுத்தியது. மனிதர்களுக்கு இந்தச் சிகிச்சை இன்னும் வரவில்லை. எலிகள் வளர்ந்த பிறகு பரிசோதித்தபோது, மயிர்ச் செல்கள் சாகாமல் தப்பியிருந்தன. மேலே ஏறி நிற்க வேண்டிய உட்கருக்கள் அடியில், தங்கள் நிலையில் நின்றன. எலிகளுக்குக் காதும் கேட்டது.